படையலுக்கு ரெண்டு கறுப்பு பீர்

அந்தப் பையைக் காலால தள்ளாதம்மா. ஐயோ, உன்னை அதட்டலை, கோவிச்சுக்காதே. உள்ள வாழையிலைக் கட்டு இருக்குது. நாளைக்குப் படையல், இலை கிழிஞ்சுடக் கூடாதுல்ல, அதான். இரு, ஜன்னலோரமா வச்சுக்கறேன். வேணாம், அங்க வெயில் படும். மடியிலயே வச்சுக்கறேன். நீ நல்லா சாஞ்சு உக்காரு. கடலூருக்குத்தானே? நானும் அங்கதான், புதுப்பாளையம். எம்பேரு அஞ்சலாட்சி. உம்பேரு? மோகனாவா, நல்ல பேரு. பாண்டியில வேலையா? செல்போன் கடையிலயா? சரி சரி.

முருங்கப்பாக்கம் தாண்டிட்டானா? இன்னும் இல்லையா? என்னாத்துக்கு இப்படி உருட்டிக்கிட்டே வரான் இவன்? ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டுற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஏன்னு கேக்காதே. கேட்டா சொல்லிடுவேன், என் வாய் நிக்காது.

சரி, உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன், நியாயமா பதில் சொல்லு. செத்துப்போன மனுசனுக்குப் படையல் போடுறோம். அவருக்கு என்னா பிடிக்குமோ அதைத்தானே வைக்கணும்? வெத்தலை போடுறவருக்கு வெத்தலை, கருவாடு பிடிச்சவருக்குக் கருவாடு. எங்க தெருவுல ஒருத்தங்க வீட்டுல பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வைக்கறாங்க. யாராச்சும் ஏன்னு கேட்டாங்களா? கேக்கலையே. அப்ப எங்க வீட்டுல மட்டும் எதுக்கு இந்த ரகளை?

எம்புள்ளதான். ஞானவேலு. ஒரே புள்ள. கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல டிரில் வாத்தியாரு. போன அமாவாசை அன்னைக்கு, சாமி கும்பிட்டு முடிச்சு இலை எடுக்கறப்ப, எம்மூஞ்சைப் பாத்துச் சொல்றான்: ‘அம்மா, வர்ற தெவசத்தோட இது கடைசி. இனிமே எங்க வீட்டுல பாட்டிலு வைக்கக் கூடாது. மனுசன் குடிச்சே செத்தாரு, செத்தும் குடிக்கணுமா?’

கேட்டியா பேச்சை? பெத்த அப்பனைச் சொல்ற பேச்சா இது? எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. மருமவ சுகந்தி அந்தாண்ட நின்னுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வெளக்குக்கு எண்ணெய் ஊத்தறா. எல்லாம் அவ ஏத்தி விட்டதுதான். இல்ல, அப்படியும் சொல்ல முடியாது, அவ நல்ல பொண்ணுதான். எனக்கு ஆத்திரம், அதான் வாயில வந்ததைச் சொல்றேன்.

இப்படிக் கிட்ட வா. காதுல சொல்றேன். இந்த இலைக்கட்டுக்குள்ள ரெண்டு பாட்டிலு இருக்குது. கறுப்பு பீரு. அட, ஏன் மூஞ்சி அப்படிப் போவுது? நான் என்ன கடத்தியா விக்கறேன்? நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு நாலாவது தெவசம். அவருக்கு வைக்கத்தான். நம்ம ஊருக் கடையில மஞ்ச பீருதான் வச்சிருக்கான், கறுப்பு கேட்டா ஏற இறங்கப் பாக்கறான். அதான் ஒவ்வொரு தடவையும் பாண்டிக்கு ஓடி வரேன். கூடவே ரெண்டு உறையூர் சுருட்டு. ஆமாம், சுருட்டும்தான். கறுப்பு பீரு தனியா வச்சா அது படையலே இல்ல. அது ரெண்டும் புருசன் பொண்டாட்டி மாதிரி, ஒண்ணை விட்டு ஒண்ணு இருக்கக் கூடாது.

பிடிச்சாங்களாவா? மூணு தடவ பிடிச்சாங்க. மூணு தடவையும் விட்டுட்டாங்க. எப்படித் தெரியுமா? ‘செத்துப்போன எங்க வீட்டுக்காரருக்குப் படையல் சார், அவருக்குப் பிடிச்சது சார்’ அப்படின்னு சொல்லி முந்தானையை எடுத்துக் கண்ணைத் தொடச்சேன்னா போதும். போலீசுக்காரனும் ஒரு அப்பனுக்குப் பொறந்தவன்தானே, ‘போ போ’ன்னுடுவான். அழுவாச்சியும் தானா வந்துடும், நடிப்பெல்லாம் இல்ல.

அரியாங்குப்பமா இது? அப்பாடா.

எங்க வீட்டுக்காரரு பேரு கலியமூர்த்தி. பாண்டியில கடலோரமா ஒரு கிளப்பு இருந்துது, அங்க பாருல ஊத்திக் குடுக்கற வேலை. முப்பத்தோரு வருசம். தெனமும் இதே ரோட்டுல பஸ்சுல போய் வருவாரு. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட்டு, கழுத்துல வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒண்ணு கட்டிக்குவாரு. அங்க வரதெல்லாம் பெரிய மனுசங்க, பிரெஞ்சுக்காரங்க. அதுல ஒரு கெழவரு, சாயங்காலம் ஆனா கறுப்பு பீரும் சுருட்டும் இல்லாம உக்காரவே மாட்டாராம். அவருதான் இவருக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தது.

அது ஒரு பக்குவம் பாப்பா, லேசுல வராது. பீரை ஐசுப்பெட்டியில வச்சு வெறைக்க விடக் கூடாது, செத்துப்போயிடும். பானைத்தண்ணி குளிர்ச்சி இருந்தாப் போதும். கிளாசைச் சாய்ச்சுப் பிடிச்சு ஓரமா ஊத்தணும். மேல நுரை கட்டும், வெள்ளையா இருக்காது, பழுப்பா, பில்டர் காப்பி நுரை மாதிரி. அது பாதி அடங்கற வரைக்கும் கையை வைக்கக் கூடாது. அதுக்குள்ள சுருட்டு நுனியைப் பாக்குவெட்டியால ஒரே வெட்டா வெட்டணும். கடிச்சுத் துப்பறவன் நாகரிகம் தெரியாதவன். தீக்குச்சியைக் கிழிச்சதும் கொளுத்தக் கூடாது, மருந்து வாடை போகட்டும்னு ஒரு நொடி விட்டு, சுருட்டைச் சுத்திச் சுத்திப் பத்த வைக்கணும். புகையை நெஞ்சுக்குள்ள இழுத்தா தொலைஞ்சே. வாயிலயே வச்சிருந்து மெதுவா விடணும். விட்டுட்டு, அந்தக் காரம் நாக்குல இருக்கறப்பவே ஒரு மடக்கு பீரு.

அப்பத்தான் பாப்பா அது நடக்கும். சுருட்டும் கசப்பு, பீரும் கருகின கசப்பு. ஆனா ரெண்டும் சேந்தா எங்கேர்ந்துதான் வருமோ, ஒரு இனிப்பு, வெல்லப்பாகு காய்ச்சற அடுப்பாண்ட நின்ன மாதிரி, தொண்டையில இறங்கும். காது மடலெல்லாம் சூடாவும். கால் வலி, இடுப்பு வலி, மாமியா சொன்னது, பக்கத்து வீட்டுக்காரி சொன்னது, எல்லாம் தள்ளிப் போய் நிக்கும். சுருட்டும் பாட்டிலும் ஒரே நேரத்துல முடியணும், அது கணக்கு. ஒண்ணு முந்திக்கிட்டா மனசு கெட்டுப்போயிடும்.

என்னா? எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறே? அவரு சொல்லுவாரு. சொல்லுவாரும்மா, ராத்திரி வந்து ஒண்ணு விடாம சொல்லுவாரு. சீ, நான் எதுக்குக் குடிக்கறேன்? நல்லா கேட்டே போ. செவ்வாக்கெழமை தவறாம அம்மன் கோயிலுக்கு எலுமிச்சம்பழ வெளக்கு போடறவ நானு.

குடிகாரின்னா யாருன்னு தெரியுமா? எங்க தெருக்கோடியில ஒருத்தி இருக்கா, கட்டட வேலைக்குப் போறவ, சனிக்கெழமை ஆனா பிராந்தி. ரோட்டுல விழுந்து கெடப்பா. அது குடி. அதைப் பாத்தா எனக்கு வாந்தி வரும்.

தவளக்குப்பம். இன்னும் கிருமாம்பாக்கம், கன்னியக்கோயிலு, முள்ளோடை. முள்ளோடை தாண்டினா தமிழ்நாடு. அப்புறம் ஆல்பேட்டை. ஐயோ, இந்த பாட்டிலு வேற கிணுங்குது, கேக்குதா உனக்கு? ரெண்டுக்கும் நடுவுல துண்டு வச்சு சுத்தினேன், நழுவிடுச்சு போல.

படையல் முடிஞ்சா அந்த பீரை என்னா பண்ணுவாங்கன்னு தெரியுமா? எம்புள்ள அப்படியே எடுத்துக்கிட்டுப் போய்க் கொல்லையில தென்னமரத்தடியில கொட்டிடுவான். பாக்கவே மனசு ஆறாது. நுரை நுரையா மண்ணு குடிக்கும். ரெண்டாவது தெவசத்துலதான் நான் சொன்னேன், ‘டேய், அது அப்பாவுக்கு வச்சது, கொட்டினா பாவம், நான் பாத்துக்கறேன், நீ போய் இலையைப் போடு’ன்னு. அதுலேர்ந்து நான்தான் பாத்துக்கறேன்.

பாத்துக்கறேன்னா? படையல்ல வச்சதை ஒரு வாய் எடுத்துக்கிட்டா என்னம்மா தப்பு? வடை, பாயசம் எடுத்துக்கறது இல்லையா? அந்த மாதிரிதான். வருசத்துக்கு ஒரு தடவ பத்தாதுன்னு, அதாவது அவருக்குப் பத்தாதுன்னு, நான்தான் அமாவாசைக்கு அமாவாசை வைக்கணும்னு சொன்னேன். புள்ளயும் சரின்னான். அவன் வாசல்ல போய் நின்னுக்குவான். படையல் போட்டுக் கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளிய நிப்போமே, அவங்க வந்து சாப்பிடட்டும்னு, அப்ப. என்னால முழங்கால் வலியில வெளிய நிக்க முடியாதுன்னு நான் மட்டும் உள்ளயே உக்காந்துக்குவேன்.

சிரிக்கறியா? சிரி சிரி. சிரிச்சாலும் பரவாயில்ல. நீ யாரோ, நான் யாரோ. ஆல்பேட்டையைத் தாண்டினா நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சரி, சொல்லித் தொலைக்கறேன். அவரு குடிக்க மாட்டாரு.

ஆமாம். எங்க வீட்டுக்காரரு ஒரு சொட்டு குடிச்சதில்ல. அவங்கப்பா சாராயத்துல போனவரு, அதுனால சின்ன வயசுலயே மயிலம் முருகன் கோயில்ல சத்தியம் பண்ணிட்டாரு. முப்பத்தோரு வருசம் ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்துட்டு, வாடையை மட்டும் சட்டையில சுமந்துக்கிட்டு வருவாரு. இனிப்புன்னாதான் உசுரு. பூந்தி, ஜிலேபி, கலர். ஆரஞ்சு கலர் பாட்டிலை ஸ்ட்ராவு போட்டு உறிஞ்சுவாரு பாரு, ஒண்ணாங்கிளாசுப் புள்ள மாதிரி.

எனக்கு முப்பது வயசு இருக்கும், கடவாப்பல்லு வலி. உசுரு போற வலி. எங்க பக்கத்துல பல்லு வலிக்குச் சுருட்டுப் புகையை வாயில அடக்கிக்குவாங்க, எங்கம்மாவும் பண்ணுவா. அப்பத்தான் அந்தப் பிரெஞ்சுக்காரக் கெழவரு ஊருக்குத் திரும்பிப் போறப்ப இவருக்கு ஒரு பெட்டி சுருட்டு குடுத்துட்டுப் போயிருந்தாரு. அதுல ஒண்ணை எடுத்துக் குடுத்தாரு. பல்லு வலி அரை மணியில ஓடிப்போச்சு, எனக்கு சுருட்டை விட மனசு இல்ல. இவரு பாத்துச் சிரிச்சாரு. ‘அஞ்சலை, இதுக்கு ஒரு ஜோடி இருக்குதுடி’ன்னாரு. அடுத்த வாரம் ஒரு பாட்டிலு கொண்டாந்தாரு.

அவருக்கு செவ்வாக்கெழமை லீவு. புள்ள சாயங்காலம் டியூஷன் போயிடுவான். கொல்லைக்கதவைத் தாழ் போட்டுட்டு உக்காருவோம். எனக்குச் சாய்ச்சு ஊத்திக் குடுப்பாரு, கிளப்புல தொரைக்கு ஊத்தற மாதிரி, தோள்ல துண்டு போட்டுக்கிட்டு. பாக்குவெட்டியால நுனி வெட்டிக் குடுப்பாரு. அவரு எதிர்ல உக்காந்து கலரு குடிப்பாரு. ‘இப்ப எப்படி இருக்குது? இப்ப?’ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. அவரால குடிச்சுப் பாக்க முடியாதுல்ல, நான் சொல்லித்தான் அவருக்கு ருசி தெரியணும். நானும் சொல்லுவேன். கல்யாணம் ஆயி எட்டு வருசத்துல நாங்க அவ்வளவு பேசினதே இல்ல.

ஒரு செவ்வாக்கெழமை டியூஷன் வாத்தியாரு ஊருல இல்ல. ஞானவேலு பாதியில திரும்பிட்டான். பன்னெண்டு வயசு. கொல்லைக்கதவு தாழ் சரியா விழல போலிருக்குது. தள்ளிக்கிட்டு உள்ள வந்துட்டான்.

எனக்குக் கை காலு ஓடல. அவருக்கு ஓடிச்சு. எங்கையில இருந்த சுருட்டைப் பிடுங்கித் தன் வாயில வச்சுக்கிட்டாரு, கிளாசை இழுத்துத் தன் முன்னாடி வச்சுக்கிட்டாரு, கலரை எம்பக்கம் தள்ளி விட்டாரு. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள. அந்த அவசரத்துல புகையை உள்ள இழுத்துட்டாரு பாவம், இருமறாரு இருமறாரு, கண்ணுல தண்ணியா கொட்டுது. அந்தக் கோலத்தைப் புள்ள பாத்தான். பையைப் போட்டுட்டு வெளிய போயிட்டான்.

அன்னையிலேர்ந்து அப்பன்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. ‘அவரைச் சாப்பிடச் சொல்லு’, ‘அவருகிட்ட கையெழுத்து வாங்கிக் குடு’. அவரு, அவரு, அவ்வளவுதான். எனக்கு மட்டும் அன்பு சாஸ்தி. பாவம் அம்மா, குடிகாரனைக் கட்டிக்கிட்டுக் கஷ்டப்படுதுன்னு. கடைக்குப் போனா எனக்குன்னு கலரு வாங்கிட்டு வருவான். எனக்கு அந்தச் சனியன் பிடிக்கவே பிடிக்காது, தித்திப்பு திகட்டும். இருவத்தஞ்சு வருசமா குடிக்கறேன், அவனுக்காக.

நான் சொல்லிடலாம்னுதான் சொன்னேன். அவருதான் வேணாம்னாரு. ‘பாருல வேலை பாக்கறவன் குடிச்சான்னா எவனும் ஆச்சரியப்பட மாட்டான். பொம்பள நீ குடிச்சேன்னு தெரிஞ்சா ஊரு உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடும். பழி எம்மேல கெடக்கட்டும், எனக்கு ஒண்ணும் கொறையாது’ன்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன். அவரே சொல்லிட்டாரே, நான் என்னா பண்றது?

செவ்வாக்கெழமை நின்னுச்சான்னா? அது எதுக்கு நிக்கணும்? தாழ்ப்பாளை மாத்திட்டோம்.

தெருவுல அவருக்கு பாட்டில் மூர்த்தின்னே பேரு ஆயிப்போச்சு. புள்ளை வாத்தியாராயி, வருசா வருசம் பசங்களைக் கூட்டிக்கிட்டு மது ஒழிப்பு ஊர்வலம் போவான். எங்க தெரு வழியாவே போவான். இவரு வாசப்படியில நின்னு பாப்பாரு. ‘எவ்வளவு கணீர்னு கோஷம் போடறான் பாருடி எம்புள்ள’ன்னு பெருமையா சொல்லுவாரு. அவன் கல்யாணத்தன்னைக்கு எல்லாரு எதிர்க்கவும் சொன்னான், ‘இன்னைக்கு ஒரு நாளாச்சும் குடிக்காம இருக்கச் சொல்லும்மா அவரை’ன்னு. இவரு ‘சரிப்பா’ன்னாரு. சரிப்பான்னு சொன்னாரு பாரு, அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் காதுல இருக்குது.

கன்னியக்கோயிலா? வந்துடுச்சா அதுக்குள்ள? இப்ப ஏன் இந்தப் பறப்பு பறக்கறான்? அப்ப உருட்டினான், இப்ப பறக்கறான்.

நாலு வருசம் முன்னாடி அவருக்கு வயிறு வீங்கிப் போச்சு. கண்ணு மஞ்ச. ஆஸ்பத்திரியில சேத்தோம். டாக்டரு வந்து கேக்கறாரு, ‘குடிப்பாரா?’ அவரு வாயைத் தொறக்கறதுக்குள்ள புள்ள முந்திக்கிட்டான்: ‘குடிப்பாரு டாக்டர், பாருலயே வேலை, எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா.’ டாக்டரு எழுதிக்கிட்டாரு. எல்லாரையும் திட்டற மாதிரி இவரையும் நாலு வார்த்தை திட்டினாரு. அவருக்கு இருந்த சக்கரை வியாதிக்கு, குடிக்காமலேயும் ஈரல் கெடும்னு பின்னாடி ஒரு நர்சம்மா சொல்லிச்சு, அது அப்புறம்.

அப்ப அவரு என்னைப் பாத்தாரு. கட்டில்ல படுத்தபடியே, தலையைத் திருப்பி.

சும்மா இருன்னுதான் பாத்தாரு. எனக்கு நல்லா தெரியும், அவரு கண்ணைப் பாத்தா எனக்குத் தெரியாதா? சும்மா இரு அஞ்சலைன்னு. அதான் நான் சும்மா இருந்துட்டேன்.

இல்ல, இப்பவாச்சும் சொல்லுடின்னு பாத்தாரோ என்னமோ. எனக்குத் தெரியலம்மா. நாலு வருசமா அந்தப் பார்வையைத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன், ஒரு நாளு ஒரு மாதிரி தெரியுது, மறுநாளு வேற மாதிரி தெரியுது. பதினோரு நாளுல போயிட்டாரு.

செத்தப்புறம் புள்ளைக்குப் பாசம் பொத்துக்கிட்டு வந்துது. மொத தெவசத்துக்கு அவனே பாண்டி போய்ட்டு வந்தான். ‘உசுரோட இருக்கறப்ப ஒரு நாளு கூட அவருகிட்ட நல்லா பேசல, அவருக்குப் பிடிச்சதையாச்சும் வைக்கறேம்மா’ன்னு கறுப்பு பீரையும் சுருட்டையும் இலையாண்ட வச்சுட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். மதுவையே தொடாத புள்ள, அவனே மூடியைத் தொறந்தான். நான் என்னா சொல்லட்டும்? அப்ப போய் ‘டேய், அது எனக்குடா பிடிக்கும்’னா சொல்ல முடியும்?

சோத்தை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனோம். காக்கா வரலை. எதிர்வீட்டு மதில் மேல உக்காந்து பாக்குது, எறங்க மாட்டேங்குது. கா கான்னு தொண்டை கிழியக் கூப்பிட்டான். ரெண்டாவது தெவசமும் அப்படித்தான். மூணாவதும் அப்படித்தான். அப்பா இன்னும் கோவமா இருக்காருன்னு புள்ள ஒடிஞ்சு போயிட்டான். இப்ப பாட்டிலு வைக்கறதாலதான் எடுக்க மாட்டேங்கறாருன்னு அவனாவே ஒரு முடிவுக்கு வந்துட்டான்.

எப்படி எடுப்பாரு? அவருக்குப் பிடிக்காததை வச்சா எப்படி எடுப்பாரு? நாலு வருசமா அந்த மனுசன் பசியா வந்து பசியா போறாரு. நான் அந்தாண்ட உக்காந்து...

விடு. விடும்மா. தண்ணி இருக்குதா உங்கிட்ட? ஒரு வாய் குடு.

முள்ளோடை தாண்டிட்டானா? பாலம் ஏறுதே. நிறுத்தறான் பாரு, நிறுத்தறான். பொம்பளப் போலீசு ஏறுது. நீ ஒண்ணும் பேசாதே. சாதாரணமா இரு, ஜன்னலைப் பாரு.

வாங்கம்மா. என் பைதான். இலைக்கட்டும்மா, வாழையிலை. பிரிக்காதீங்க, கிழிஞ்சுடும். அதுவா... அது வந்தும்மா, செத்துப்போன எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்குத் தெவசம். அவருக்குப் பிடிச்சது. ரெண்டே ரெண்டுதாம்மா. வருசம் பூரா அவரை நெனச்சுக்கிட்டே கெடக்கறேன், ஒரு நாளு...

விட்டுடறீங்களா? ரொம்ப நன்றிம்மா. உங்க புள்ளைகுட்டி நல்லா இருக்கட்டும்.

என்ன சொன்னீங்க?

இல்லம்மா, போகறப்ப ஒண்ணு சொன்னீங்களே. இந்த பஸ்சே சிரிச்சுதே. திரும்பிச் சொல்லுங்க. குடிச்சே செத்திருப்பான், செத்தப்புறமும் ஊத்திக் குடுக்கணுமான்னுதானே சொன்னீங்க?

நில்லுங்க. நான் எந்திரிக்கறேன். இந்தாப்பா கண்டக்டரு, விசிலு அடிக்காதே.

அவரு குடிக்க மாட்டாரு. எங்க வீட்டுக்காரரு கலியமூர்த்தி, ஜென்மத்துல ஒரு சொட்டு குடிச்சதில்ல. கடலூருல எவனாச்சும் பாத்தேன்னு சொல்லச் சொல்லுங்க, அவன் பொய் சொல்றான். இந்த பீரு எனக்கு. ஆமாம், எனக்குத்தான். நான்தான் குடிக்கறது, சுருட்டும் நான்தான் பிடிக்கறது. புள்ளையைக் காப்பாத்தறேனா? எம்புள்ள வாசனை கூட ஆவாது, வாத்தியாரு அவன். நான் ஒருத்திதான். இப்ப சிரிங்க. எல்லாரும் நல்லா சிரிங்க, எனக்கென்ன.

எடுத்துக்கோங்கம்மா. எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்குன்னா விட முடியாதுன்னா சரி, விடாதீங்க. கேஸு வேணா எழுதுங்க. பேரு அஞ்சலாட்சி, கணவர் பேரு கலியமூர்த்தி. குடிக்காதவருன்னு சேத்து எழுதிக்கோங்க.

பாட்டிலோட எறங்கிட்டாளா? போகட்டும். எனக்கு இப்ப பயம் இல்ல. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க பாரு. பாக்கட்டும். அவரை இருவத்தஞ்சு வருசம் இப்படித்தானே பாத்தாங்க.

பாப்பா, இந்தா என் போனு. கண்ணாடி எடுத்துட்டு வரல. ஞானவேலுன்னு இருக்கும், அமுக்கிக் குடு. இப்பவே. வீட்டுக்குப் போனா நான் சொல்ல மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அடிக்குதா? குடு.

ஞானவேலு, அம்மாடா. வந்துக்கிட்டிருக்கேன், ஆல்பேட்டை. இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. நடுவுல பேசாதே, நான் சொல்றதைக் கேளு. உங்கப்பா குடிக்க மாட்டாருடா. நான் நல்லாத்தான் பேசறேன். கொல்லைக்கதவைத் தள்ளிக்கிட்டு வந்தியே, அன்னைக்கு, அந்த கிளாசு என்னுது. சுருட்டும் என்னுது. எங்கையிலேர்ந்து பிடுங்கினாரு. ஆமாண்டா. எல்லா செவ்வாக்கெழமையும். அவரு ஒரு நாளும்... ஒரு நாளும் இல்லடா.

கேக்குதா? டேய்?

கதவைச் சாத்தற சத்தம் கேக்குது பாப்பா. தனியா வந்து நிக்கறான் போல.

என்னடா? ம். ஆமாம், ஆஸ்பத்திரியில நானும் கூடத்தான் இருந்தேன். டாக்டரு கேக்கறப்ப உன் பக்கத்துலதான் நின்னேன்.

‘அன்னைக்கு ஏம்மா சொல்லல, அவரு உசுரோட இருந்தாரேம்மா’ன்னு கேக்கறான். லைன்லதான் இருக்கான், வைக்கல. நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லேன். நான் அவனுக்கு என்னன்னு சொல்லட்டும்?